கைத்தழும்பின் கதை – 14: திருவள்ளூரின் பூஜ்யம்

சென்ற வாரம் 1955இல் நிறுத்தினோம்.

முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கி ஓராண்டு ஆகியிருந்த ராஜாஜி, பி.சி.ஜி. ஊசிக்கு எதிராகப் பேனாவை எடுத்தார். நோய் நொடி இல்லாத பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியை ஏற்றுவதா? ஏற்றினால் காசநோய் வராது என்பதற்கு என்ன அத்தாட்சி? டெல்லியில் சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌர் அசைந்து கொடுக்கவில்லை. கிண்டி ஆய்வுக்கூடம் மருந்து தயாரித்துக்கொண்டே இருந்தது. ஊசிக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தன.

ராஜாஜி கேட்டவை உண்மையில் இரண்டு கேள்விகள். ஒன்று: இது ஆபத்தா? இன்னொன்று: இது பலிக்குமா?

முதல் கேள்விக்கு அன்றே ஓரளவு பதில் இருந்தது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் 70க்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தது பி.சி.ஜி.யால் அல்ல. ஆய்வுக்கூடத்தில் அதனுடன் நிஜக் காசநோய்க் கிருமி கலந்துபோனதால். அதன் பிறகு கோடிக்கணக்கான கைகளில் போட்டுப் பார்த்தாயிற்று.

இரண்டாவது கேள்விதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு விடை தேடி 13 ஆண்டுகள் கழித்து ஒரு பெரும்படை கிளம்பியது. அது போய் இறங்கிய இடம் பாரிஸோ லண்டனோ அல்ல. நம் காட்டுப்பாக்கத்துக்கு மேற்கே, ஒரு மணி நேர பஸ் பயணத் தொலைவு.

*

டிரங்க் ரோடு

காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறினால் குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி. அங்கிருந்து திருமழிசை, வெள்ளவேடு, அரண்வாயல் தாண்டினால் மணவாள நகர், திருவள்ளூர். இப்போது பூந்தமல்லி வரை தலைக்கு மேல் மெட்ரோ பாலம் கூடவே வருகிறது.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தத் தொடரை எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ரவிக்கைக் கை சற்றே ஏறும்போது, அறுபதைத் தாண்டிய அம்மாவின் கையில் காசு அகலத்தில் குழிந்த வட்டம் தெரியும். விளிம்பெல்லாம் கோடு கோடாக இருக்கும். அது பெரியம்மைக்குக் குத்தியது. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் குத்துவதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அவருடைய மகளிடம் அந்த வட்டம் இருக்காது. மகளுக்கு இடது தோளுக்குக் கீழே சின்னதாக, வழவழவென்று, சற்றே மேடாக ஒன்று இருக்கும். அது பி.சி.ஜி. பேத்திக்கும் அதே இடத்தில் அதே தழும்புதான்.

அந்தச் சின்னத் தழும்பின் மீதுதான் இந்த வாரத்து வழக்கு.

1968இல் திருவள்ளூர் தனி மாவட்டம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு மூலை. 1997இல்தான் பிரிந்தது. அதனால் உலகத்து மருத்துவப் பாடநூல்கள் எல்லாம் இந்த ஆய்வை 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே எழுதுகின்றன. செங்கல்பட்டு நகரத்துக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. கையை நீட்டியவர்கள் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்.

*

இரண்டு நாடு, இரண்டு தீர்ப்பு

ஏன் இங்கே வந்தார்கள்?

1950களில் பிரிட்டன் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் தருவாயில் இருந்த 14, 15 வயதுப் பிள்ளைகள், அரை லட்சத்துக்கும் மேல். பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களிடம் காசநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டி. பிரிட்டிஷார் மறுபேச்சில்லாமல் ஊசியை எடுத்துக்கொண்டார்கள்.

அதே காலகட்டத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் போட்டுப் பார்த்தது. பாதுகாப்பு 14 சதவீதம். போர்ட்டோ ரிக்கோவில் 31. அமெரிக்கர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள். இன்றுவரை அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாக பி.சி.ஜி. போடுவதில்லை. அமெரிக்காவில் பிள்ளை பெற்ற நம்மூர்க்காரர்கள் 'ஊசி விட்டுப்போச்சே' என்று பதறி, லீவில் ஊருக்கு வந்து போட்டுக்கொண்டு போவது இதனால்தான்.

ஒரே மருந்து, ஒரே நோய். ஒரு கரையில் 80, எதிர்க்கரையில் 14. எப்படி?

அமெரிக்கத் தரப்பில் கரோல் பாமர் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார். காசநோய்க் கிருமிக்கு ஏராளமான ஒன்றுவிட்ட சொந்தங்கள் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் குடியிருப்பவை, பெரும்பாலும் மனிதரைத் தொந்தரவு செய்யாதவை. வெப்பமான பகுதிகளில் இவை அதிகம். குழந்தைகள் மண்ணில் புரண்டு குளத்தில் குளித்து வளரும்போது இந்தக் கிருமிகள் உடம்போடு பரிச்சயமாகிவிடுகின்றன. அந்தப் பரிச்சயமே கொஞ்சம் காசநோய் எதிர்ப்பைக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு போடும் ஊசியால் புதிதாகக் கிடைப்பது சொற்பம். ஏற்கெனவே நனைந்த துணியின் மேல் மழை பெய்தால், மழை எவ்வளவு நனைத்தது என்று எப்படி அளப்பது?

எதிர்த்தரப்பு இதை ஏற்கவில்லை. அமெரிக்கர்கள் போட்ட மருந்தே வீரியம் குறைந்தது என்றார்கள்.

தீர்ப்புச் சொல்ல ஓர் ஊர் தேவைப்பட்டது. அங்கே காசநோய் தாராளமாக இருக்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் அந்தச் சொந்தக்காரக் கிருமிகளும் தாராளமாக இருக்க வேண்டும். ஜனங்கள் இடம்பெயராமல் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வாழ வேண்டும். பக்கத்திலேயே நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும்.

ஏரியும் நெல்வயலுமாக இருந்த திருவள்ளூர் வட்டாரத்தில் இவ்வளவும் இருந்தன. சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கி வந்த சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் எட்டும் தூரத்தில். காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய அதே மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் கைகோத்தன.

*

1968 ஜூலை

முதலில் வந்தவர்கள் ஊசிக்காரர்கள் அல்ல. நோட்டுக்காரர்கள்.

வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். யார் தலைக்கட்டு, யார் மருமகள், கைக்குழந்தைக்கு எத்தனை மாதம். ஒரு மாதம் நிறைந்த சிசுவிலிருந்து பாயோடு கிடக்கும் கிழவர் வரை கணக்கு. 1971 மார்ச் வரை இந்தச் சேர்ப்பு நடந்தது. தொடங்கியபோது மாநிலத்தின் பெயர் சென்னை. முடியும்போது தமிழ்நாடு. முதல் நோட்டு விரித்தபோது அண்ணா முதலமைச்சர், கடைசி நோட்டு மூடியபோது கலைஞர்.

பதிவானவர்கள் 3,66,625 பேர்.

அடுத்து வந்தார்கள் ஊசிக்காரர்கள். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றாலே வைக்கோல்போருக்குள் ஒளிந்த கதை நம் தாத்தாக்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். இந்த முறை ஒன்றல்ல, மூன்று குத்து. முன்கைகளில் இரண்டு சோதனை ஊசிகள், மேற்கையில் மூன்றாவது.

சோதனை ஊசியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் வரப்போகும் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

ஊசிமுனை தோலைத் தாண்டிச் சதைக்குள் போகக் கூடாது. தோலின் அடுக்குகளுக்கு இடையிலேயே படுக்க வைத்துச் செலுத்த வேண்டும். சரியாகப் போட்டால் அந்த இடம் வெளுத்து, மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரிய, சின்னதாக எழும்பும். கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். மூன்றாம் நாள் வந்து பார்ப்பார்கள். காசநோய்க் கிருமியை அந்த உடம்பு ஏற்கெனவே சந்தித்திருந்தால் அங்கே தடித்திருக்கும். விரல் நுனியால் தடவி, தடிப்பின் இரண்டு விளிம்பையும் கண்டுபிடித்து, அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார்கள். 12 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் கிருமி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. 0 முதல் 7 வரை என்றால் இன்னும் வரவில்லை. இடைப்பட்டவர்கள் சந்தேகக் கணக்கு.

இரண்டாவது சோதனை ஊசி, பாமர் சொன்ன அந்த ஒன்றுவிட்ட சொந்தங்களில் ஒன்றுக்கானது.

மேற்கை ஊசியில்தான் ரகசியம். அதில் பாரிஸ் இன பி.சி.ஜி. இருக்கலாம். கோபன்ஹேகன் இனமாக இருக்கலாம். இருந்த இனங்களிலேயே வீரியமானவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை இரண்டும். மருந்து சொத்தை என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது. அளவும் இரண்டு: 0.1 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கு. இவை எதுவும் இல்லாமல், மருந்தே இல்லாத கரைசலாகவும் இருக்கலாம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. குப்பியில் குறியீடு மட்டும்.

இப்படி மருந்தோ வெறுங்கரைசலோ ஏற்றிக்கொண்டவர்கள் 2,81,161 பேர். பி.சி.ஜி.க்காக உலகில் அதுவரை நடந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில் இதுதான் ஆகப் பெரியது.

கறாரான வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். பி.சி.ஜி. போட்டால் சில வாரத்தில் கொப்பளித்து, சீழ் கட்டி, தழும்பாகிவிடுமே, வெறுங்கரைசலுக்கு அப்படி ஆகாதே, ரகசியம் எங்கே தங்கும்? நியாயம். ஆனால் நோயை முடிவு செய்தவர்கள் கையைப் பார்க்கவில்லை. அவர்கள் முன் இருந்தது எக்ஸ்ரே படமும் எண் ஒட்டிய சளி டப்பாவும்தான்.

இன்னொரு குறுக்கீடு என்னுடையது. வெறுங்கரைசல் ஏற்றிக்கொண்ட குடியானவருக்கு அது வெறுங்கரைசலாக இருக்கலாம் என்று எவ்வளவு தூரம் புரிய வைத்திருப்பார்கள்? இன்று ஓர் ஆய்வு என்றால் தாள் தாளாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று 'கவர்மென்ட்டு ஊசி' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லலாம். சொல்லும்போது கொஞ்சம் கூச்சத்தோடு சொல்ல வேண்டும்.

*

காத்திருப்பு

ஊசி போட்டதும் வேலை முடியவில்லை. அப்போதுதான் தொடங்கியது.

இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை அத்தனை பேரையும் திரும்பத் தேடிப் போனார்கள். நடுவில் சந்தேகத்துக்குரியவர்களை இன்னும் அடிக்கடி. எக்ஸ்ரே வண்டி ஊர் எல்லையில் வந்து நிற்கும். நெஞ்சைப் பலகையில் ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். படத்தில் நிழல் தட்டினால் சளி டப்பா கைக்கு வரும். எச்சில் வேண்டாம், அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பியது வேண்டும்.

அந்தச் சளி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். கோழிமுட்டையைக் கலந்து செய்த பச்சை நிறப் பசையைக் கண்ணாடிக் குழாய்களில் சாய்வாக உறைய வைத்திருப்பார்கள். காசநோய்க் கிருமிக்கு அதுதான் விருந்து. அவசரப்படாத கிருமி அது. மற்ற பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் வளர்ந்து நிற்கும், இது ஆறு வாரம், எட்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். பச்சைச் சரிவில் வெளிர்மஞ்சளாகக் காலிஃப்ளவர் மாதிரி ஏதாவது முளைத்தால், அது ஒருவருக்குக் காசநோய் வந்துவிட்டது என்பதன் அத்தாட்சி.

கண்டுபிடித்தவருக்கு மருந்து. பதிவேட்டில் ஒரு குறி. மறுபடி அடுத்த சுற்று.

இதனிடையே ஒரு சிறு நற்செய்தி வந்தது. போட்ட இரண்டரை மாதத்தில் சிலரை மட்டும் மறுபடி சோதித்துப் பார்த்தபோது முன்கை நன்றாகத் தடித்திருந்தது. மருந்து உடம்பில் பிடித்திருக்கிறது! பாதி ஜெயித்த மாதிரி.

இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தத் தடிப்பு பெருமளவு வற்றியிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று அப்போது யாருக்கும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சோதனைத் தடிப்பு வேறு, நோயெதிர்ப்பு வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் கேட்ட கேள்விக்கான விடை அப்போது பாதி நிரம்பிய பதிவேடுகளில் கிடந்தது.

*

1979

ஏழரை ஆண்டுக் கணக்கு முடிந்தது. குறியீட்டைப் பிரித்தார்கள்.

பார்க்க வேண்டியவர்கள் யார்? ஏற்கெனவே கிருமி புகுந்தவர்களை விட்டுவிடலாம், ஊசி அவர்களைக் காப்பதாக யாரும் சொல்லவில்லை. 0 முதல் 7 மி.மீ. வரை இருந்தவர்கள்தான் தேர்வுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் 1,09,873 பேர். இவர்களில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்குக் காசநோய் குறைந்திருக்கிறதா?

குறையவில்லை.

கூடின அளவு, குறைந்த அளவு, பாரிஸ் இனம், கோபன்ஹேகன் இனம், எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அப்படித்தான். வெறுங்கரைசல் ஏற்றிக்கொண்டவர்களுக்கு எந்த விகிதத்தில் நுரையீரல் காசநோய் வந்ததோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்திருந்தது.

பாதுகாப்பு: பூஜ்யம்.

80 இல்லை. அமெரிக்காவின் 14கூட இல்லை. அமெரிக்கர்கள் கண்டதைவிட மோசமான விடை, யாரும் குறை சொல்லவே முடியாத முறையில், நம் ஜனங்களின் கைகளிலிருந்து வந்திருந்தது.

முதல் அறிக்கை 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. அடுத்த ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் முழு விவரத்தையும் தனி இணைப்பாகவே போட்டது. லண்டனின் 'லான்செட்' 1980 ஜனவரியில் எழுதிய தலையங்கத்தின் தலைப்பு: 'பி.சி.ஜி.: இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி'.

15 ஆண்டுகள் முழுமையாகத் தொடர்ந்து பார்த்த இறுதிக் கணக்கு 1999இல்தான் அச்சேறியது. அந்த 1,09,873 பேரில் உறுதியாகக் காசநோய் கண்டவர்கள் 560. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதில் மாற்றமில்லை. சிறு பிள்ளைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களிடம் 27 சதவீதம் என்று ஒரு எண் எட்டிப் பார்த்தது. அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று தள்ளிவிடக்கூடிய அளவில்.

*

ஏன்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் கிடையாது. பல பதில்கள் உண்டு.

பாமரின் விளக்கம் மறுபடி மேலே வந்தது. திருவள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போட்ட அந்த இரண்டாவது சோதனை ஊசி ஞாபகம் இருக்கிறதா? பதின்வயதைத் தாண்டுவதற்குள் அநேகமாக எல்லோருக்குமே அது தடித்தது. மண்ணிலும் ஏரித் தண்ணீரிலும் இருந்த கிருமிகள் ஊசிக்காரருக்கு முன்பே வந்து போயிருந்தன.

தென்னிந்தியாவில் பரவும் காசநோய்க் கிருமியின் சுபாவமே வேறு என்றார்கள் சிலர். கினிப்பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தால் பிரிட்டிஷ் கிருமி அளவுக்கு அது மூர்க்கமாக இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. பெரியவர்களுக்கு வருவது புதுத் தொற்று அல்ல, சிறு வயதில் புகுந்து பதுங்கிக் கிடந்ததுதான் பலவீனமான நேரத்தில் எழுந்துகொள்கிறது, அதை ஊசி எப்படித் தடுக்கும் என்றார்கள் வேறு சிலர். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. பி.சி.ஜி. வெயிலுக்கும் சூட்டுக்கும் ஆகாதது உண்மைதான். ஆனால் இரண்டரை மாதத்தில் கைகள் அப்படித் தடித்திருந்ததே, செத்த மருந்து அதைச் செய்யுமா? அந்த வாதம் எனக்கு எடுபடவில்லை.

எது காரணமாக இருந்தாலும், ஒரு கனவு அங்கே முடிந்தது. பி.சி.ஜி.யைப் போட்டே ஊரிலிருந்து காசநோயை விரட்டிவிடலாம் என்ற கனவு. நோயைப் பரப்புகிறவர் இருமும் பெரியவர். அவருக்கு நோய் வராமல் தடுக்க இந்த ஊசியால் முடியவில்லை என்றால், சங்கிலி அறுபடாது. இருமுகிறவரைத் தேடிப் பிடித்து, சளியைச் சோதித்து, மாதக் கணக்கில் விடாமல் மாத்திரை கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பாதையில்தான் நாடு போனது.

பெரியவர்களுக்கு பி.சி.ஜி. என்ற பேச்சு அத்தோடு ஓயவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024இல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், வீட்டில் காசநோயாளி இருப்பவர்கள் என்று ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சம்மதத்துடன் மறுபடி பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. திருவள்ளூர் மூடிய கதவை இன்னொரு சாவி போட்டுத் திறந்து பார்க்கிறார்கள். அது தனி அத்தியாயம். ஆவடியிலிருந்து 1991இல் கிளம்பிய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வும் தனி அத்தியாயம். அதில் இதே பி.சி.ஜி. வேறு வேடத்தில் வருகிறது.

*

மூன்று லட்சம் பேரிடம் கேட்காத கேள்வி

ராஜாஜியின் ஆதரவாளர்கள் 1979இல் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. 'பார்த்தீர்களா!'

பாதி நியாயம் அதில் உண்டு. அத்தாட்சி கேட்டது சரி. ஆனால் திருவள்ளூரில் வந்த விடையை அவர்கள் வாசித்திருக்கக்கூடிய விதம் சரியல்ல. இன்றும் வாட்ஸ்அப்பில் 'பி.சி.ஜி. வேலை செய்யாது என்று அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டது' என்று சுற்றும் செய்திகளில் இருப்பதும் அதே கோளாறுதான்.

என்ன கோளாறு? ஆய்வு எதை எண்ணியது என்று திரும்பப் பாருங்கள். எக்ஸ்ரேயில் நிழல். சளியில் கிருமி. பச்சைச் சரிவில் முளைத்தால் நோய், முளைக்காவிட்டால் இல்லை. அதாவது நுரையீரலில் வந்து, சளியில் கிருமி தள்ளும் காசநோய். அது பெரும்பாலும் பெரியவர்களின் நோய்.

ஆறு மாதக் குழந்தை காறித் துப்புமா?

கைக்குழந்தைக்குக் காசநோய் வரும் வழி வேறு. தாத்தா மடியில் வைத்துக் கொஞ்சுகிறார், இருமுகிறார். கிருமி குழந்தையின் நுரையீரலில் இறங்குகிறது. பெரியவர் உடம்பானால் அதை வளைத்துக் கட்டிப்போட்டுவிடும். சிசுவின் உடம்புக்கு அந்தத் திராணி இல்லை. ரத்தத்தில் ஏறி உடம்பு முழுதும் தெளித்துவிடும், மூளையின் உறைக்குப் போய்விடும்.

தொடக்கத்தில் லேசான ஜுரம். பால் குடிக்க மாட்டேன் என்கிறது. எதற்கெடுத்தாலும் சிணுங்கல். வீட்டில் பல் முளைக்கிறது என்பார்கள், தோஷம் என்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். ஓரிரு வாரத்தில் வாந்தி. பிறகு கழுத்து விறைக்கும், கண் ஒரு பக்கம் சொருகும், வலிப்பு வரும். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பாதி நேரம் கடந்திருக்கும். பிழைத்தாலும் பார்வையோ பேச்சோ நடையோ போய்விட்ட பிள்ளைகள் எத்தனையோ.

இந்தக் குழந்தை ஊரில் யாருக்கும் நோயைப் பரப்பாது. ஆகவே நோய்ப் பரவலைக் கணக்கிடுகிறவரின் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. திருவள்ளூர் ஆய்வு அதை எண்ணுவதற்காக அமைக்கப்பட்டதும் அல்ல. பூஜ்யம் வந்தது ஒரு கேள்விக்கு. அதை எல்லாக் கேள்விக்கும் விடையாக எழுதிக்கொள்வது தவறு.

நிபுணர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, அத்தாட்சி காட்டுவது வேறு. அத்தாட்சி இல்லாமல் போட்டதற்காகத்தானே 1955இல் அவ்வளவு ரகளை!

நேரமும் கழுத்தை நெரித்தது. 1978இல்தான் இந்தியா விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதில் பி.சி.ஜி. முக்கியமான ஊசி. திட்டம் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் திருவள்ளூரின் பூஜ்யம் வந்து மேஜையில் விழுந்தது. இன்றைக்குப் பூந்தமல்லியிலோ போரூரிலோ பிரசவமானால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே குழந்தையின் இடது கையில் பி.சி.ஜி. போட்டு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக, அன்றைய முடிவு என்னவென்று நமக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

ஆனால் எதை வைத்து நிறுத்தாமல் இருந்தார்கள்?

இன்னொரு இரண்டே முக்கால் லட்சம் பேரைச் சேர்த்து இன்னொரு ஆய்வு நடத்த முடியாது. சிசுக்களில் ஒரு பாதிக்கு வெறுங்கரைசல் ஏற்றிவிட்டு, யாருக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது என்று உட்கார்ந்து எண்ண எந்த மருத்துவருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. வேறு ஏதாவது வழி இருந்தாக வேண்டும். ஊசி போடாமலே, யாரையும் ஆபத்தில் தள்ளாமலே, ஏற்கெனவே நடந்து முடிந்ததிலிருந்து விடையைப் படித்தெடுக்கும் வழி.

டிரங்க் ரோட்டில் இந்த முறை எதிர்த்திசையில், சென்னைக்குள் போக வேண்டும். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் காசநோய் மூளைக்காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளைகளின் இடது கையையும், அதே மருத்துவமனைக்கு வேறு நோயோடு வந்த பிள்ளைகளின் இடது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் தழும்பு அதிகமாக இருக்கும்?

(அடுத்த வாரம்)